மஞ்சள் மூடிக் குப்பி

கதவைத் திறந்ததுமே அந்த வாசனை வந்தது. இடி இறங்கிய இடத்தில் சற்று நேரம் நிற்குமே, மூக்கின் உள்ளே ஊசியாகக் குத்தி, தொண்டையில் பழைய காசை நக்கிய ருசியை விட்டுப் போகுமே, அந்த வாசனை. ஓசோன். எலக்ட்ரான் கற்றை காற்றைக் கிழிக்கும்போது பிறப்பது. அவள் வேலை பார்க்கும் இடத்தில், தடித்த கான்கிரீட் சுவர்களுக்குள் பிறந்து, பெரிய விசிறிகள் அதை உறிஞ்சி வெளியே தள்ளிய பிறகுதான் அந்த அறையின் கதவே திறக்கும். அது எப்படி அவள் வீட்டு முன்னறைக்கு வரும்? செருப்பைக் கழற்றாமல் நின்று மோந்து பார்த்தாள். உடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். இல்லை, அது சமையலறையிலிருந்து வந்தது. அங்கே தம்பி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, மோப்ப நாய் வேலைக்கு மாத்திட்டாங்களா?"

"இங்க எங்கயாவது வயர் எரிஞ்சுதாடா?"

"எரிஞ்சா உன் மூளைதான் எரிஞ்சிருக்கும்." சிரித்தபடி நுரைக் கையால் நெற்றியைத் துடைத்தான். "மத்தியானம் உடம்பெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சுக்கா. உள்ளுக்குள்ள. அப்புறம் தன்னால போயிடுச்சு."

மத்தியானம்தான் அவள் அவனுடைய குப்பியைக் கற்றைக்குக் கீழே அனுப்பியிருந்தாள்.

அவனுக்கு எச்.ஐ.வி. எப்படி வந்தது என்று அவள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. வந்தது வந்தாயிற்று, தம்பி தம்பிதானே. பல வருடம் மாத்திரைகள் அதை அடக்கி வைத்திருந்தன. பிறகு வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு மருந்தாக ஏமாற்றப் பழகியது. அவன் மெலிந்தான், வாயெல்லாம் புண்ணானது. டாக்டரம்மா மேஜையைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். பெற்றவர்கள் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான். அவனையும் விட்டுக்கொடுக்க அவளால் ஆகாது.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அவளுடைய ஆய்வகத்திலேயே இருந்தது. நோயாளியின் ரத்தத்திலிருந்து வைரஸை எடுத்து வளர்ப்பார்கள். எலக்ட்ரான் கற்றையால் அதைக் கொல்வார்கள். செத்த வைரஸை ஊசியாக அவனுக்கே போட்டால், உடம்பு அதன் முகத்தை அடையாளம் கண்டுகொண்டு உயிரோடிருக்கும் வைரஸை வேட்டையாடும் என்பது கணக்கு. ஆய்வுத் தலைவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னும் தொண்டையைக் கனைப்பார், அதனால் எல்லாருக்கும் அவர் கனைப்பு சார்.

"உள்ள இருக்கறது தூள்தூளாகணும்மா, மேல்தோட்டுல கீறல்கூட விழக்கூடாது," என்பார். "யானை உண்ட விளாம்பழம் கேள்விப்பட்டிருக்கியா? அதான் நம்ம சரக்கு."

தம்பி அந்தக் கனைப்பை அப்படியே செய்து காட்டுவான். எல்லாருடைய குரலும் அவனுக்கு வரும். கண்ணை மூடிக்கொண்டால் கனைப்பு சாரே வீட்டுக்குள் வந்துவிட்டார் என்று தோன்றும். ரத்தம் எடுத்த அன்று, "வறுக்கறப்ப உப்பு போட மறந்துடாதீங்க சார்," என்று அவரிடம் அவர் குரலிலேயே சொன்னான். குப்பிகளுக்கு ஆளுக்கொரு நிறத்தில் மூடி. அவனுக்கு மஞ்சள்.

அடுத்த வாரம் டாக்டரம்மா கூப்பிட்டார். "ஊசி இன்னும் போடலையே? வைரஸ் பாதிக்கு மேல குறைஞ்சிருக்கே. வேற ஏதாவது மருந்து எடுக்கறாரா?"

"இல்லை மேடம்."

"எதுவா இருந்தாலும் சரி, நல்லதுதான்."

அவள் படித்தவள். ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு குப்பியில் விழும் கற்றை இந்தப் பக்கம் ஒரு மனுஷனைத் தொடாது என்று யாருக்கு வேண்டுமானாலும் பாடம் எடுப்பாள். ஆனாலும் புதிதாக ஒரு மஞ்சள் மூடிக் குப்பி உள்ளே போன ஒவ்வொரு மத்தியானமும் அவனுக்கு எறும்பு ஊர்ந்தது, வீட்டில் வாசனை நின்றது, ரத்தத்தில் வைரஸ் குறைந்தது. கன்னத்தில் சதை பிடித்தது. புண்கள் ஆறின. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தால் யாராவது வாயைத் திறந்து ஏன் என்று கேட்பார்களா? அவளும் கேட்கவில்லை.

குப்பிகளைத் தட்டில் அடுக்கிக் கன்வேயரில்தான் உள்ளே அனுப்புவார்கள்; ஒருமுறை கற்றைக்குக் கீழே போய் வந்த தட்டு மறுபடி போகக்கூடாது. அது சட்டம். ஆனால் கன்வேயர் நடுவில் சிக்கிக்கொள்ளும் நாட்களுக்காக, தட்டைத் திரும்ப அனுப்ப ஒரு வழி வைத்திருந்தார்கள். அதை ஓட்டிப் பழகியவர்களுக்கே அது தெரியும். ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், சிக்காத தட்டைச் சிக்கியதாகக் காட்டி மஞ்சள் மூடிக் குப்பியை மட்டும் இன்னொரு தடவை அனுப்பினாள். மறுநாளும் அனுப்பினாள். இன்னும் கொஞ்சம்தானே மிச்சம் என்று மனசு சொன்னது. ஆசை யாரை விட்டது!

அதன் பிறகுதான் வீடு அமைதியானது.

அது உடனே உறைக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் விளக்கு எரிந்தது, பாத்திரங்கள் தேய்த்துக் கவிழ்க்கப்பட்டிருந்தன, துணி மடித்திருந்தது, அவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வந்துட்டியாக்கா?" என்றான். அவள் முகம் கழுவி வந்ததும், "வந்துட்டியாக்கா?" என்றான். அதே சுருதி, அதே இடத்தில் அதே சின்ன இழுப்பு. விளையாடுகிறான் என்று நினைத்தாள்.

"கனைப்பு சார் மாதிரி பேசுடா, கேட்டு நாளாச்சு."

அவன் புன்னகைத்தான், வாய் கொஞ்சம் திறந்தது. எதுவும் வரவில்லை. அந்தப் புன்னகை போகவும் இல்லை. மின்விசிறியின் டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவள் நின்றாள், அவன் சிரித்தபடியே இருந்தான், அவள்தான் கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்னொரு மாலை குளியலறையில் வெந்நீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தாள். ஆவி பறக்கும் தண்ணீருக்கடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றான். தோல் சிவக்கக்கூட இல்லை.

"சுடலையாடா?"

"நல்லாதான் இருக்கேன்க்கா."

குழாயை மூடிவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். பளபளவென்றிருந்தது. கீறல் இல்லை, தழும்பு இல்லை, சின்ன வயதில் சைக்கிளில் விழுந்து கிழிந்த இடம்கூட இல்லை. கனமும் இல்லை. காற்றடைத்த காகிதப் பையைத் தூக்குகிற மாதிரி அந்தக் கை அவள் கையோடு மேலே வந்தது.

அன்று அவள் தூங்கவில்லை. மேல்தோட்டில் கீறல்கூட விழக்கூடாது என்ற குரல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன் என்று தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

விடிந்ததும் ஆய்வகத்துக்கு ஓடினாள். குளிர்பெட்டியில் மஞ்சள் மூடிகளின் வரிசை காலியாக இருந்தது. கனைப்பு சார் அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

"சார், அந்த மஞ்சள்... அதை இனிமே ஓட்ட வேண்டாம். அழிச்சிடலாம். ப்ளீஸ் சார்."

அவர் கனைத்தார். "அழிக்கறதா? நல்லா சொன்ன போ! அதுமாதிரி சுத்தமான சரக்கு இதுவரைக்கும் வந்ததே இல்லைம்மா. உள்ள ஒரு இழைகூட முழுசா இல்லை. மேல்தோடு மட்டும் முத்து மாதிரி. ஊருக்கெல்லாம் ஊசி தயாரிக்க உன் தம்பியோட வைரஸைத்தான் வளர்த்திருக்காங்க. ஆயிரக்கணக்குல குப்பி."

"எங்க சார்?"

"பெரிய மெஷினுக்கு. நம்மளுது மாதிரி அது நின்னு நின்னு ஓடாது. இன்னைக்கு ஆரம்பிக்கறாங்க."

"நிறுத்தச் சொல்லுங்க சார். என் தம்பி..."

"தம்பிக்குத்தான் முதல் ஊசி, நான் பார்த்துக்கறேன்." முதுகில் தட்டிக்கொடுத்தார். "போய் வீட்ல நல்ல சேதி சொல்லு."

யாரிடம் சொல்வது? என்னவென்று சொல்வது? பெரிய மெஷின் இருந்த இடத்தின் எண்ணுக்குப் போன் போட்டாள். உற்பத்தி நடக்கும்போது இணைப்புக் கொடுக்க முடியாது என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். மறுபடி போட்டாள். அதே பதில். வீட்டுக்கு ஓடினாள். மேகம் கவிந்து பகலிலேயே தெரு இருட்டியிருந்தது. மாடிப்படியில் போன் அடித்தது.

"இப்பத்தான் முடிவு வந்துச்சு," டாக்டரம்மாவின் குரல் நடுங்கியது. "ஒண்ணுமே இல்லம்மா. தேடிப் பார்த்துட்டோம், சுத்தமா இல்லை. என் வாழ்நாள்ல இப்படிப் பார்த்ததில்லை."

கதவு திறந்தே கிடந்தது.

நாற்காலியில் இருந்தான். நிமிர்ந்து. முகம் ததும்ப அழகு. இத்தனை அழகாக அவன் எப்போதும் இருந்ததில்லை.

"டேய்."

மின்விசிறிக் காற்றில் அவன் லேசாக அசைந்தான். முழு ஆள். நாற்காலியோடு ஒட்டாமல். அவள் தாவிப் பிடித்தாள். விட்டால் பறந்துவிடுவான் போல இருந்தது. நெஞ்சில் காதை வைத்தாள். துடிப்பு இல்லை. மூச்சு இல்லை. வெறும் அறையில் காது வைத்த மாதிரி.

"டேய், அக்காடா. ஏதாவது பேசுடா. யார் குரல்ல வேணும்னாலும் பேசு."

வாய் திறந்தது.

நாக்கு இல்லை. தொண்டை இல்லை. உள்ளே, பார்வை போன தூரம்வரை, வழவழப்பான வெறுமை. கீழே அடியாழத்தில் ஊதா வெளிச்சம் ஒன்று பளிச்சிட்டு அணைந்தது. கற்றை விழுகிற நிறம்.

அணைந்தது. திரும்ப எரிந்தது. ஒரு தட்டு. அடுத்த தட்டு.

அந்த வெளிச்சத்துக்கும் கீழே இருந்து, வெகு தூரத்தில், குரல் வந்தது. யாரையும் போலச் செய்யாத, அவனுடைய சொந்தக் குரல்.

"அக்கா... நிறுத்துக்கா."

அவள் கை தானாக வீட்டுச் சுவரில் கற்றையை நிறுத்தும் சுவிட்சைத் தேடியது.

அடுத்த தட்டு.

"நிறுத்துக்கா."

அடுத்தது.