மூன்றாம் சிலிண்டரின் தேய்மானம்

அணைத்த என்ஜின் ஒரு தட்டல் தாமதித்து அடங்கியது.

சாவியைத் திருப்பியதும் மற்ற ஒலிகளெல்லாம் ஒருங்கே ஓய்ந்தன. அந்த ஒன்று மட்டும், வாயிலில் நின்று விடைபெற மனமில்லாத விருந்தினன்போல, இன்னொரு முறை தட்டிவிட்டு நின்றது. முடிச்சூர்ச் சாலையோரத் தகரக் கொட்டகையின் கூரைமேல் கார்த்திகை மழை இடையறாது பொழிந்துகொண்டிருந்தது. அந்தப் பேரிரைச்சலினூடும் மெக்கானிக் ஷாகுலின் செவி அதைத் தவறவிடவில்லை. தாம்பரம் வட்டாரத்தில் அவன் காதுக்கென்று ஒரு பெயர் உண்டு. நீண்ட ஸ்க்ரூட்ரைவரின் முனையை என்ஜினில் ஊன்றி, அதன் பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கண்மூடி நின்றானாயின், எஃகு தன் நோயைத் தானே வாய்விட்டுச் சொல்லும் என்பார்கள்.

"கேட்டியா பாய்?" என்றார் பள்ளி வேன் ஓட்டும் அப்பாதுரை. "நீ பிரிச்சு மாட்டி ஒரு மாசங்கூட ஆவல, மறுபடி ஆரம்பிச்சிருச்சு. பசங்க வேற கலாய்க்குதுங்க. 'அங்கிள், யாரோ கதவத் தட்றாங்க, தொறந்து வுடுங்க'ன்னு. அதுல உன் பொண்ணு இஃப்ராதான் ஃபர்ஸ்ட்டு."

"டாப்பெட் சத்தம்ணே. சாயந்தரத்துக்குள்ள பார்த்துடறேன்."

"பாத்துடு ராசா. அதுவரிக்கும் மெர்வின் வண்டிய வாங்கிகினு ட்ரிப் அடிக்கிறேன். இந்தத் தண்ணில இது நடுரோட்ல நின்னுச்சுன்னா பேஜாரு. உள்ள இருவது கொழந்தைங்க."

அவர் குடையை விரித்துக்கொண்டு போனார். அந்த இருபதில் ஒருத்தி ஏழு வயது இஃப்ரா. ஜன்னலோரத்து மூன்றாம் இருக்கை அவளுடையது. வண்டி கொட்டகையில் நிற்கும் நாளில்கூட அவள் தந்தையின் பெஞ்சில் அமரமாட்டாள். வேனில் ஏறித் தன்னிடத்தில் உட்கார்ந்தே வீட்டுப்பாடம் எழுதுவாள். நாளைக் காலை அவள் மீண்டும் அதில் ஏறுமுன் இந்த நோயின் வேர் தெரிந்தாக வேண்டும்.

ஷாகுல் பானெட்டைத் தூக்கி நிறுத்தினான்; அது முன்கண்ணாடியை முழுதும் மறைத்தது. என்ஜினின் மேல்மூடியைக் கழற்றியபோது கருகிய எண்ணெயின் மணத்தை எதிர்பார்த்தான். எழுந்து வந்தது சேற்று வாடை. வெள்ளம் வடிந்த வீட்டினுள் முதன்முதலாகக் கதவைத் திறக்கையில் முகத்தில் அறையுமே, அந்த வாடை.

சில வாரங்களுக்கு முன் அவனே பூட்டிய புதுக் கேம் ஷாஃப்ட் அது. அதன் மேடுகள் சுழன்று, கீழேயுள்ள டாப்பெட் என்னும் சிறு எஃகுக் கிண்ணங்களை அழுத்த, கிண்ணங்கள் வால்வைத் திறக்கும். மூன்றாம் சிலிண்டரின் மேடு, மாடம்பாக்கத்துச் சிவன் கோயில் வாயிற்படி பல்லாயிரம் பாதங்களால் குழிந்ததுபோல, மெத்தென்று தேய்ந்திருந்தது. எண்ணெய் எட்டாமல் காய்ந்திருந்தால் எஃகு நீலம் பாரித்திருக்கும், அது இல்லை. எண்ணெய்த் துளையில் கம்பியை விட்டுப் பார்த்தான், அடைப்பில்லை. ஸ்பிரிங் விறைத்திருந்தால் அழுத்தம் மிகுந்திருக்கும். அளந்தான், அதுவும் பழுதில்லை. ஆயினும் அழுத்தமே படாத பின்புறத்திலும் தேய்மானம் இருந்தது. எண்ணெயில் குளித்த எஃகின்மேல் செந்துருவும் படர்ந்திருந்தது.

தன் பிழை ஒன்று அவனுக்கு நினைவில் இருந்தது. ஒரு கேமோடு ஓடிப் பழகிய டாப்பெட்டை வேறொரு கேமோடு சேர்க்கலாகாது என்பது தொழிலின் முதற்பாடம். அவை ஒன்றையொன்று தேய்த்தே உருவம் பெற்றவை. புது டாப்பெட் வர நான்கு நாளாகும் என்றார்கள் கடையில். பள்ளி வேனோ நிற்க முடியாது. ஆகவே கொட்டகையின் பின்புறம் கிடந்த ஒரு பழைய என்ஜினிலிருந்து எட்டு டாப்பெட்டையும் எடுத்து மாட்டிவிட்டான்.

கேமைக் கழற்றி மேசைமேல் வைத்தான். மனம் நிலைகொள்ளவில்லை. பின்புறம் சென்று அந்தப் பழைய என்ஜினின் கேமையும் எடுத்து வந்து அருகே வைத்தான். மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளந்தான். மீண்டும் அளந்தான். மயிரிழையும் பிசகவில்லை. பழைய கேமின் மூன்றாம் சிலிண்டர் மேட்டில் பிறைவடிவில் ஒரு வடு உண்டு. புதியதிலும் அதே இடத்தில் அதே பிறை அரும்பியிருந்தது.

இது தேய்மானமன்று. அந்த டாப்பெட்டுகள் தம் பழைய துணையைப் புது எஃகிலிருந்து செதுக்கி எடுத்துக்கொண்டிருந்தன.

அந்தத் துணை எந்த வண்டியினுடையது என்பதை நினைக்க அவன் விரும்பவில்லை. ஆயினும் நினைவு வந்தது.

பத்தாண்டுக்கு முந்தைய பெருவெள்ள இரவு. அடையாறு கரையுடைத்துத் தெருவுக்குள் புகுந்திருந்தது. மொட்டை மாடியில் அக்கம்பக்கத்தார் இருபது பேர். இருளுக்குள் எங்கோ மூன்று தட்டல், ஓர் இடைவெளி, பின் இரண்டு. "யாரோ தட்றா மாதிரி கீதே, ஷாகுலு," என்றாள் பக்கத்து வீட்டு எல்லம்மா. "உன் காதுக்கு இன்னா தோணுது?" அவன் சற்றே செவிமடுத்துவிட்டுச் சொன்னான்: "டாப்பெட் சத்தம்க்கா. எவனோ வண்டிய ஆன்ல வுட்டுட்டுப் போய்ட்டான்." அவன் காது சொன்னால் மறுபேச்சு ஏது? இறங்கக் கயிற்றை எடுத்தவர்களும் அதைக் கீழே போட்டார்கள். நீர் வடிந்த காலையில், கதவு இறுகிய வேனுக்குள், ஓட்டுநர் யேசுதாசன் கண்ணாடியில் கைவைத்தபடி உயிரற்று இருந்தார். அந்த வண்டி பிறர் கண்ணில் படவேண்டாமென்று ஷாகுலே அதைப் பழைய இரும்பாக வாங்கி, என்ஜினைப் பின்புறத்தில் கிடத்தினான்.

டக். டக். டக்.

அவன் நிமிர்ந்தான்.

கேம் மேசைமேல் கிடக்கிறது. என்ஜினில் சுழல்வது எதுவுமில்லை. தட்டுவது எது?

டக். டக்.

மழை வலுத்தது. சற்றுமுன் வண்டி லேசாகத் தாழ்ந்து நிமிர்ந்ததை அவன் கண்டிருந்தான். டயரில் காற்றிறங்குகிறது போலும் என்று விட்டுவிட்டான். இப்போது ஸ்க்ரூட்ரைவரை எடுத்துச் சிலிண்டர் ஹெட்டில் ஊன்றினான். கண்ணை மூடினான். எஃகின் வழியே நீரின் ஓசை வந்தது. ஆழ்ந்த, குளிர்ந்த புனலின் ஓசை. அதனுள்ளே தட்டல். மூன்று. இடைவெளி. இரண்டு. முதலில் விரைவாக. பிறகு மெதுவாக. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று அவனுக்குத் தெரியவில்லை. சூடாறும் இரும்பு சுருங்கும் ஒலிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"டாப்பெட்தான்," என்று முணுமுணுத்தான். "டாப்பெட் சத்தந்தான்."

சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. மனைவி ஜஹீரா.

"ஏங்க, எத்தனை தடவை அடிக்கிறது? இஃப்ரா சாப்பிட்டாளா?"

"இஃப்ராவா?"

"மழைன்னு பதினொன்னரைக்கே ஸ்கூல் விட்டுட்டாங்க. நம்ம தெருவுல முழங்கால் தண்ணி. அப்பாதுரை அண்ணன் உங்க ஷெட் வாசல்லயே இறக்கி விட்டுட்டேன்னு சொன்னாரு. ஒரு மணி நேரமாச்சு. வழக்கம்போல வேன்ல ஏறி உட்கார்ந்திருப்பா, பாருங்க."

ஸ்க்ரூட்ரைவர் கைநழுவி விழுந்தது.

வாசலில் ஒரு சிறிய குடை, சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ரோஜா நிறம். அதிலிருந்து நீர் வடிந்து காய்ந்தும் போயிருந்தது.

பானெட்டைச் சுற்றி வந்தான். கொட்டகைத் தரை காய்ந்திருந்தது. வேனைச் சுற்றி ஒரு துளி ஈரமில்லை.

வேனுக்குள் நீர்.

கூரைவரை. செம்மண் கலங்கிய ஆற்று நீர், ஒரு சொட்டும் ஒழுகாமல், கண்ணாடிக்குப் பின்னே அசைவற்று நின்றது. ஒரு பென்சில் மிதந்தது. ஒரு நோட்டுப் புத்தகம், தாள்களை மெல்ல விரித்து.

மூன்றாம் இருக்கை ஜன்னலில் ஒரு சின்னஞ்சிறு கை.

"அத்தா வந்துட்டேன்மா," என்றான். கதவுப் பிடியை இழுத்தான். அது அசையவில்லை.

கலங்கலுக்குள்ளிருந்து இன்னொரு கை வந்தது. பெரியது. நீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியது. அது அந்தச் சிறு கையின்மேல் படிந்து, விரலோடு விரலாக, ஓடிப் பழகிய இணையைப்போல அளவு பிசகாமல் பொருந்தியது. பின்பு அந்தக் கையை, பொறுமையாக, முட்டியாக மடக்கித் தூக்கி, கண்ணாடியில் தட்டியது.

மூன்று முறை.

ஓர் இடைவெளி.

இரண்டு.