இரண்டு டின், ஒரு டம்ளர்

"யா அல்லா!"

அலறியவர் உஸ்தாத் வலியுல்லா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு. மயிலாப்பூர் கச்சேரி ரோடுக்குப் பின்னால் அவருடைய தேகப்பயிற்சிக் கூடம். காலை ஏழு மணி.

கர்லாக்கட்டையை விரல் நுனியில் சுற்றுகிற அந்த மனிதர், கதவைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார்...

தரையில் சந்திரமௌலி கிடந்தான்.

நாற்பத்தாறு அங்குல மார்பு. பதினாறு அங்குல புஜம். வாயில் நுரை.

நாடி... இல்லை!

பக்கத்தில் உருண்டு கிடந்தது ஒரு பித்தளை டம்ளர். பெஞ்சின் மேல் திறந்தபடி இரண்டு டின்கள்.

அரை மணியில் இன்ஸ்பெக்டர் சண்முகவேல் வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள். பெல்ட்டில் சொந்தமாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டவர்.

"என்னய்யா இது, ரெண்டு டின்?"

"பலத்துக்குக் குடிக்கிற பொடி சார்," என்றார் உஸ்தாத். "ஞாயித்துக்கிழமை கட்டழகன் போட்டி. இவன்தான் ஜெயிப்பான்னு ஊரே சொல்லிக்கினு கீது. மேடையில நின்னு, 'நான் குடிக்கிறது இந்தப் பொடிதான்'னு ஒண்ணைச் சொல்லணும். எதைச் சொல்றதுன்னு முடிவாவலே, ரெண்டையும் கலந்துதான் குடிச்சுக்கினு இருந்தான்."

"பால்?"

"அதோ சொம்புல. மிச்சத்தைப் பூனை குடிச்சிடுச்சு."

"பூனை?"

பூனை ஜன்னலில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. பரம சௌக்கியம்!

"அப்ப பால்ல ஒண்ணுமில்லே..." சண்முகவேல் டின்களைப் பார்த்தார்.

மூலையில் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். தணிகாசலம். ஆதம்பாக்கத்துக்காரன், மாம்பலத்தில் வெள்ளி முலாம் பூசும் பட்டறையில் வேலை. சந்திரமௌலியின் உயிர்த் தோழன். மூன்று வருஷமாக அதே போட்டியில் அவனுக்குப் பின்னால் இரண்டாவதாக வருகிறவன்.

"மௌலி... நைனா! எந்திர்டா! காலைல நானும் உன் கூடத்தானடா இருந்தேன்!"

கேட்கிறவர்களுக்கு நெஞ்சு கரைந்தது.

பொடிக்காரர்கள் இரண்டு பேரும் ஒன்பது மணிக்குள் ஓடி வந்தார்கள்.

முதலாமவர் கஸ்தூரிரங்கன். பனகல் பார்க் பக்கம் கடை. 'பீமபலம் பவுடர்' அவருடைய சொந்தத் தயாரிப்பு. சுத்த சைவம்.

இரண்டாமவர் ஹபீபுர் ரஹ்மான். சைதாப்பேட்டை மார்க்கெட்டில் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் எடுத்து விற்பவர். வெள்ளைக்காரன் பாலைத் திரியவைத்துக் கட்டியை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் தெளிவு இருக்கிறதே... அதைக் காயவைத்த பொடி அவருடையது. டின்னில் லேபிளைக் காணோம்.

"என் பவுடர் பத்தரைமாத்துத் தங்கம் சார்!" என்றார் கஸ்தூரிரங்கன். "இவர் டின்னைப் பாருங்கோ. பேரில்லே, ஊரில்லே. அதுலதான் விஷம்!"

"வாயை அலம்பிக்கினு பேசுங்க ஸாமி! சோல்ஜர் சாப்பிட்ட சரக்கு இது. உங்க டின்லதான் இன்னா கீதுன்னு உங்களுக்கே தெரியாது!"

"நேக்கா தெரியாது?"

"தெரிஞ்சா சொல்லுங்களேன்!"

கஸ்தூரிரங்கன் அவசரமாகத் தன் டின்னின் மூடியை அமுக்கி மூடினார்.

சண்முகவேல் டின், டம்ளர், சொம்பு எல்லாவற்றையும் மூட்டை கட்டி, அரசாங்க ரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

மூன்று நாள் ஓடியது. ஊரில் ஒரு டின் விற்கவில்லை! நேற்று வரை புஜத்தை மடக்கிக் காட்டிக்கொண்டு திரிந்தவர்கள், பொடி டின்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனார்கள்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. போலீஸ் ஸ்டேஷன்.

மேஜை மேல் மூன்று டம்ளர். எதிரே மூன்று பேர்... கஸ்தூரிரங்கன், ஹபீபுர் ரஹ்மான், சாட்சியாகத் தணிகாசலம்.

சண்முகவேல் அதே இரண்டு டின்களிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி போட்டார். பால் ஊற்றினார். நிதானமாக ஆற்றினார்.

"குடிங்க."

"சா... சார்?"

"ரெண்டு பேரும் உங்க பொடி சுத்தம்னு சத்தியம் பண்றீங்க. குடிச்சுக் காட்டுங்க."

ஹபீபுர் ரஹ்மானுக்கு வேர்த்தது. "எம் பொடி மட்டும்னா குடிச்சிடுவேன் சார். அதுல ஸாமியோட பொடியும் கலந்துகீதே!"

"நீங்க?"

கஸ்தூரிரங்கன் டம்ளரைத் தள்ளிவைத்தார். "நான் எம் பவுடரையே இதுவரைக்கும் குடிச்சதில்லே சார்... எங்காத்துல யாருக்கும் குடுக்கறதுமில்லே."

"ஏன்?"

"பழக்கமில்லே..."

கான்ஸ்டபிள்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

அப்போதுதான் அது நடந்தது!

தணிகாசலம் எழுந்தான். தன் டம்ளரை எடுத்தான். ஒரே மூச்சில் குடித்தான்!

"ஐயையோ!" கஸ்தூரிரங்கன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

ஒரு விநாடி... இரண்டு... பத்து...

தணிகாசலம் புறங்கையால் வாயைத் துடைத்தான். "என் தோஸ்து குடிச்சதை நானும் குடிச்சிட்டேன் சார். மூணு வருசமா குடிக்கிறேன், எனக்கு இன்னா ஆவப் போவுது?"

"அவனும் மூணு வருஷமாத்தானே குடிச்சான்? செத்துப் போனானே?"

"அது... பொடியால இல்ல சார்."

"இல்லையா?"

"பொடில ஒண்ணும் இல்ல சார். சும்மா இவங்களைப் போட்டு..."

பேச்சு பாதியில் நின்றது.

சண்முகவேல் மேஜை டிராயரைத் திறந்தார். ஒரு கவரை எடுத்தார்.

"ரிப்போர்ட் நேத்து சாயங்காலம்தான் வந்தது. என்னைத் தவிர யாரும் படிக்கலே. ரெண்டு டின்லயும் விஷம் இல்லே. பால்லயும் இல்லே. டம்ளர்ல மட்டும் சயனைடு. இந்த ஊர் முழுக்கப் பொடிக்குப் பயந்து சாகுது. பயப்படாத ஒரே ஆள் நீ... எப்படி?"

தணிகாசலத்தின் பதினைந்தரை அங்குல புஜம் தொங்கிப் போயிற்று.

"முலாம் பட்டறைல சயனைடு புழங்குமில்லே? நேத்து ராத்திரி பட்டறையைச் சோதிச்சோம், உன் டிபன் டப்பால ஒரு பொட்டலம் கெடச்சிருக்கு. எதுக்குடா? ரெண்டாவது பரிசு அலுத்துப் போச்சா?"

"ரெண்டாவது வந்ததுக்கு இல்ல சார்!"

அவன் கத்தியதில் டம்ளர்கள் அதிர்ந்தன.

"பின்னே?"

"என்னைக் கவுச்சியை வுடச் சொன்னான் சார்! 'தணிகா, கறி மீனெல்லாம் உடம்பைக் கெடுக்கும்டா. என்னைப் பாரு... பொடி, பால், அவ்வளவுதான்'னான். நம்பினேன் சார்! மூணு வருசம்... கறியில்லே, மீனில்லே, முட்டையில்லே. எங்கம்மா வஞ்சிரம் வறுத்தா நான் தெருவுல போய் நிப்பேன். பொடியைக் கலந்து கலந்து குடிச்சேன். உடம்பு ஏறவே இல்லே!"

"சரி?"

"போன வாரம் மீர்சாகிப்பேட்டை பக்கம் போனேன். மிலிட்டரி ஓட்டல். உள்ரூம்ல, தலையில துண்டைப் போட்டுக்கினு ஒருத்தன் ஆட்டுக்கால் பாயாவை உறிஞ்சிக்கினு கீறான். எதிர்ல ஆறு முட்டை. யார்னு பாத்தா... மௌலி! சர்வரைக் கேட்டேன். 'ஐயரா? நாலு வருசமா தெனம் வராரே'ன்றான்!"

தணிகாசலம் அழுதான். இந்த முறை அழுகை நிஜம்.

"அவன் வூட்டுக்குத் தெரியக் கூடாதுன்னு பொய் சொல்லட்டும் சார். எங்கிட்ட ஏன் சார் சொல்லணும்? நான் அவனைக் கூடப் பொறந்தவன்னு இல்ல நெனச்சேன்!"



சண்முகவேல் தலையசைத்தார். கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தான். அந்த மணிக்கட்டுக்கு அது பூட்டிக்கொள்ளச் சிரமப்பட்டது.

தணிகாசலம் லாக்கப்புக்குள் போனதும், கஸ்தூரிரங்கன் வேஷ்டியைச் சரி செய்துகொண்டு எழுந்தார். முகத்தில் மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த களை!

"சார்... அப்ப எம் பவுடர் நிரபராதி!"

"ரெண்டு பேர் பொடியும்தான். ஹபீபுர் ரஹ்மான், உங்க டின் பட்டாளத்துக் கோழிப் பண்ணைக்கு வந்த தீவனமாம். தெரியுமா?"

"லேபிள் கிழிஞ்சிருந்தது சார்..."

"கிழிஞ்சதா, கிழிச்சதா?"

ஹபீபுர் ரஹ்மான் கூரையைப் பார்த்தார்.

"கஸ்தூரிரங்கன், உங்களோடது கிழங்கு மாவும் சர்க்கரையும். வாசனைக்கு ஏலக்காய்."

"ஏலக்காய் ஒஸ்தி சார்! ஒரே ஒரு உபகாரம் பண்ணணும். ஜனங்க பயந்து போயிருக்கா. போலீஸ் தரப்புல நாலு வரி எழுதிக் குடுத்தா, டின்னு மேலயே அச்சடிச்சுடுவேன்."

சண்முகவேல் பேனாவைத் திறந்தார். எழுதினார். கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

கஸ்தூரிரங்கன் ஆவலோடு வாங்கி உரக்கப் படித்தார்.

"'பீமபலம் பவுடரைக் குடித்து இதுவரை ஒருவர்கூடச் சாகவில்லை...' பேஷ்! '...ஒருவருக்குக்கூட உடம்பும் தேறவில்லை.' சார்!"

"நாலு வரி கேட்டீங்க, ரெண்டுதான் தேறிச்சு," என்றார் சண்முகவேல், தொப்பியை மாட்டிக்கொண்டு. "உங்க பவுடர்ல அவ்வளவுதான் சத்து!"