தொடுகை ரெஜிஸ்டர்

இறந்துபோன மகள் தட்டித் தட்டி எழுத்தெல்லாம் தேய்ந்துபோன அந்தப் பழைய கணினிக்குப் பழைய சாமான்காரர் போட்ட விலை, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

“பாப்பா விரல் பட்டதுக்கு இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாமேங்க,” என்றாள் மனைவி. வேடிக்கையாகத்தான் தொடங்கினாள்; முடிப்பதற்குள் முந்தானையால் விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“நான் விக்கல. இதுக்குப் புதுசா கிராபிக்ஸ் கார்டு செய்யறேன். பாப்பாவைத் திரையில நடக்க விடறேன்.”

“கார்டு நடக்கும். புள்ள நடப்பாளா?”

படத்தைத் திரைக்கு அனுப்பும் அந்த அட்டையைச் செய்ய அவர் உட்கார்ந்தார். கார்டின் ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாக வடிவமைத்தார். ரெஜிஸ்டர் என்றால் சிப்புக்குள் ஒரு குட்டி அறை. ஒன்றில் உருவம் நிற்கும் இடம், இன்னொன்றில் அதன் நிறம். கடைசியாக அமைத்தது தொடுகை ரெஜிஸ்டர். திரை உருவத்தை ஏதாவது தொட்டால் அதில் ஒன்று என்ற எண் விழும். படித்த கணமே அழிந்து பூஜ்யமாகிவிடும். அந்தக் காலத்துச் சிப்புகளின் வழக்கம் அது. சேதி சேர்ந்த பிறகு சீட்டு எதற்கு என்று அவரும் அப்படியே விட்டார்.

மழை இருட்டிய மாலையில் கார்டைச் செருகினார். திரையில் ஒரே ஓர் உருவம்: சிவப்புச் சட்டை, இரட்டைச் சடை. அதைத் தொட வேறொன்றும் இல்லை. ஈரக் காற்றில் கதவு இலேசாக முனக, சூடேறிய கம்பியின் நெடியைத் தாண்டி, மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த மகளின் அறைப் பக்கமிருந்து பென்சில் சீவிய வாசம் மெல்ல மெல்ல வந்து அவர் மூக்கடியில் நின்றது. ரெஜிஸ்டரைப் படித்தார்.

ஒன்று.

வாசம் அறுந்தது.

அவர் கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவர். சில்லறையை இருமுறை எண்ணாமல் பையில் போடமாட்டார். இன்னொரு முறை படித்தார். பூஜ்யம். காத்திருந்தார். அறைக்குள்ளிருந்து அவளுடைய முணுமுணுப்புப் பாட்டு எழுந்தது. அவள்தானா? படித்தார். ஒன்று. பாட்டு பாதி அடியில் நின்றது. சுவருக்குப் பின்னால் செருப்பு இழுபடும் ஓசை. படித்தார். நம்ப முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல், வந்ததையெல்லாம் படித்துக்கொண்டே இருந்தார்.

மனைவி வந்து நின்றாள். “ஏங்க, அந்த அறையை ஏன் பூட்டி வெச்சிருக்கோம்?”

“பாப்பா அறைடி.”

“எந்தப் பாப்பா?”

“விளையாடாத.”

“நமக்கு ஏதுங்க பாப்பா?”

அவள் முகத்தில் துக்கத்தின் சுவடே இல்லை. அவர் சுவரைப் பார்த்தார். மூவர் இருந்த குடும்பப் படத்தில் இருவர். மனைவியின் கைகள் மட்டும் வளைந்து, வெறும் மடியை அணைத்தபடி.

அப்போதுதான் புரிந்தது. வந்து தொட்டவள் மகள். படித்துப் படித்து அவளை அழித்தவர் இவர்.

பின்னால் யாரோ சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்கள். சின்னப் பிடி. ஈரம். குளிர். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். படிக்கக் கூடாது. திரும்பக் கூடாது. திரையில் உருவம் இல்லை.

“வெறும் திரைக்கு எதுக்குங்க கரண்டு?” மனைவி சுவிட்சை நோக்கிக் கை நீட்டினாள். மின்சாரம் நின்றாலும் ரெஜிஸ்டர் அழியும், அதோடு அந்தப் பிடியும். மகள் பெயரைச் சொல்லித் தடுக்க வாயெடுத்தார்.

பெயர் வரவில்லை.

சட்டையில் பிடி இறுகியது. மனைவியின் விரல் சுவிட்சில்.

வாசம் போயிற்று. பாட்டு போயிற்று. பெற்றவள் நினைவு போயிற்று. பெயரும் போயிற்று. பாக்கி, அந்தப் பிடி ஒன்று.