ரெமியின் நீலக் கன்னம்

"வர மாட்டேன் போ!" ரெமி திரைச்சீலைக்குள் ஒளிந்துகொண்டு கத்தினான்.

லுசீலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எடித் சித்தி வரைந்த படத்தைப் பாரிஸ் கண்காட்சிக்கு ஏற்றிப் போக மாலையில் வண்டி வந்துவிடும். படத்தில் லுசீலை வரைந்தாயிற்று. தம்பி ரெமிதான் கொஞ்சம் பாக்கி. கம்பளத்தில் வெயில் விழுவதோ காலையில் அரை மணி நேரம். அது போய்விட்டால் சித்தி தூரிகையைத் தொடவே மாட்டார். இந்த நேரம் பார்த்தா நாலு வயது மகாராஜாவுக்குக் கோபம் வரவேண்டும்?

"என்னடா ஆச்சு?"

"சித்தி என் மூஞ்சியில நீலம் பூசிட்டாங்க. கண்ணுகூட இல்ல, வெறும் புள்ளி! நான் அவ்ளோ அசிங்கமாவா இருக்கேன்?" ரெமியின் உதடு பிதுங்கியது.

சித்தி காப்பி குடிக்கப் போன நேரத்தில், பயல் படத்தில் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று பார்த்திருக்கிறான்!

"அது நிழல்டா செல்லம். ஜாம் ரொட்டி தரேன், வா," என்று கெஞ்சினார் சித்தி.

"ரொட்டியும் வேணாம்!"

ரெமி ரொட்டி வேண்டாம் என்றால் நிலைமை மோசம்தான்.

லுசீலும் கிட்டப் போய்ப் பார்த்தாள். அவன் சொன்னது உண்மை. நீலத் தீற்றல், பச்சைத் தீற்றல், ஒரு பொட்டு ரோஜா நிறம். முகத்தையே காணோம். குழப்பத்தோடு பின்னால் நகர்ந்தாள். இன்னும் நகர்ந்தாள். அடேயப்பா!

ஓடிப்போய் ரெமியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "கண்ண மூடிக்கோ. நான் சொல்றப்போதான் திறக்கணும்."

அறையின் கடைசியில் இருந்த கதவருகே அவனை இறக்கிவிட்டாள். "இப்பப் பாரு!"

ரெமி வாயைப் பிளந்தான். வெயில் விழுந்த கம்பளத்தில் ஒரு பையன் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கன்னத்தில் திரைச்சீலையின் மெல்லிய நிழல். மூச்சு விடுகிற மாதிரியே இருந்தான்.

"அக்கா, அது நான்தான்!" ரெமி படத்தை நோக்கி விரலை நீட்டினான்.

முன்னால் போனான். பையன் புள்ளிகளாகக் கலைந்தான். பின்னால் வந்தான். பையன் மறுபடி வந்துவிட்டான்.

"போறான்! வரான்! போறான்!" என்று நாலைந்து தடவை ஓடினான். திடீரென்று நின்று, படத்தையே உற்றுப் பார்த்தான். பிறகு ஒரே ஓட்டமாகக் கம்பளத்துக்குப் போய், ஒரு கட்டையை உயர்த்திப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்தான்.

"சித்தி, சீக்கிரம் வாங்க! அவனுக்கு இன்னும் ஒரு கைய காணோம். பாவம், எப்படிக் கோபுரம் கட்டுவான்?"