தம்பி வாங்கிய மோட்டார்

அன்று அந்த வண்டியில் இருந்தவர்கள் ஐந்து பேர். வெள்ளைப்பாறைத் தோட்டத்துப் பெரிய கங்காணி மாயாண்டி; அவர் மனைவி ராக்காயி; அவருடைய தம்பி, மாட்டுவண்டிக் குத்தகைக்காரர் பத்துமலை; பத்துமலையின் மனைவி நல்லம்மாள்; வண்டியை விற்றவரும் அன்று அதை ஓட்டியவருமான ஈப்போ ஜவுளிக்கடை நூஹு ராவுத்தர். வேறு ஒருவரும் இல்லை. கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிற மற்றவர்கள் அன்று அங்கே இருக்கவில்லை.

ரப்பர் விலை ஏறியிருந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு, புரட்டாசி மாதம், பிற்பகல் மூன்று மணி. பத்துமலை வண்டிக்கு முன்னால் குனிந்து கைப்பிடியை ஒரே ஒரு சுற்றுச் சுற்றினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. இருமவில்லை, புகைக்கவில்லை, பால் குடித்த பூனை அடுப்படியில் உறுமுவதுபோல மெதுவாக, திருப்தியாக ஓடத் தொடங்கியது. கூடி நின்ற சனம் கைதட்டியது. முன் இருக்கையில் தலைப்பாகையும் கோட்டுமாக உட்கார்ந்திருந்த மாயாண்டிக்கு மட்டும் முதுகு சில்லிட்டது.

அந்த வண்டி அப்படிக் கிளம்பியிருக்கக் கூடாது.

இரண்டு மணி நேரத்துக்கு முன், எல்லோரும் தம்பி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, பால் கொட்டகையிலிருந்து ஒரு வாளி கித்தாப் பாலைத் தூக்கிவந்து, வண்டியின் முன்பக்கத் தண்ணீர்த் தொட்டி மூடியைத் திருகிக் கழற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் உள்ளே ஊற்றியவர் அவர்தான். ரப்பர் மரத்திலிருந்து வந்த அன்றைய பால். சூடு பட்டால் அது என்ன ஆகும் என்று தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். குழாய்க்குள் கட்டி தட்டும், அடைக்கும், எஞ்சின் வெந்து போகும். இரண்டு மைல் கல் தாண்டாது என்பது அவர் கணக்கு.

மாயாண்டி சாதாரண ஆள் இல்லை. அந்தத் தோட்டத்துச் சனத்தில் பாதிப்பேரை ஊரிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்தவர் அவர். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் நடந்து வந்தால் பேச்சு நிற்கும். மாரியம்மன் கோயிலில் முதல் விபூதி அவர் நெற்றிக்குத்தான். தோட்டத்தில் இரண்டு பேருக்குச் சண்டை வந்தால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு ஒருநாளும் மாறியதில்லை. பத்துமலையைத் தோளில் தூக்கி வளர்த்தவரும் அவரே. தம்பி சம்பாதித்தபோது அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, தம்பி அண்ணனுக்குக் கீழே இருந்த வரையில்.

மூன்று நாளைக்கு முன் பத்துமலை அந்தப் பழைய மோட்டாரை வாங்கி வந்தான். அன்று சாயங்காலம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் பங்களாவிலிருந்து இறங்கிவந்து, வண்டியின் மட்காட்டில் கையை ஊன்றிக்கொண்டு, தம்பியோடு சிரித்துப் பேசினார். இருபது வருடமாக அந்தத் துரை முன் குடையை மடக்கிக்கொண்டு நின்றவர் மாயாண்டி. ஒருநாள்கூட அவர் தோளுக்குப் பக்கத்தில் அந்தக் கை வந்ததில்லை. அன்று இரவு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குள் போகவில்லை.

வண்டி பாதிவழியில் நின்று, இழுபட்டுத் திரும்புவதை ஓரமாக நின்று பார்ப்பதுதான் அவர் நினைத்திருந்தது. அதில் ஏறுவது அவர் நினைப்பில் இல்லை. ஈப்போவுக்குப் போய், புந்தோங் கோயிலில் தேங்காய் உடைத்துத் திரும்புவதாகத் திட்டம். கிளம்பும் நேரத்தில் பத்துமலை வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, முன்னால நீங்கதான் உக்காரணும்."

"எனக்குக் கொட்டகையில வேல கெடக்குடா. நீங்க போயிட்டு வாங்க."

"நீங்க ஏறாம இந்த வண்டி நகராதுண்ணே."

"வாங்க மாமா," என்றாள் நல்லம்மாள். "நீங்க வரலன்னா நானும் எறங்கிருவேன்."

நூஹு ராவுத்தர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "என்ன கங்காணியாரே, பயமா? மாட்டு வண்டி மாதிரிதான் லா. மாடு மட்டும் இல்ல."

சனம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஏறாமல் இருக்க முடியாது. ஏறினார்.

வண்டி முதல் கல்லைக் கடந்தது. இரண்டாம் கல்லையும் கடந்தது. இருபுறமும் கித்தா மரங்கள் நிரை நிரையாக ஓடி வந்து பின்னால் போயின; மேலே கிளைகள் கூடி மூடியிருந்ததால் அந்தப் பிற்பகலிலும் பாதையில் அந்திபோல ஒரு வெளிச்சம்தான் இருந்தது, ஈர இலை மக்கும் வாசனையும் தூரத்தில் இறங்கிக்கொண்டிருந்த மழையின் வாசனையும் துணிக் கூரைக்கடியில் வந்து தங்கின. மாயாண்டி தண்ணீர்த் தொட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி வரவில்லை. மூடி ஆடவில்லை. இப்போது, இப்போது என்று அவர் ஒவ்வொரு மரமாக எண்ணினார். வண்டி இன்னும் அழகாக ஓடியது.

அடுத்த தோட்டத்து லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ஓடிவந்து பாதையோரம் நின்றார்கள். "பத்துமல அண்ணே! பத்துமல அண்ணே!" என்று கை அசைத்தார்கள். முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவரை ஒருத்தியும் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது.

சொட்.

எங்கிருந்தோ ஒரு கனத்த துளி விழுந்த சத்தம். எஞ்சின் உறுமலுக்கு நடுவில், அதைவிடத் தெளிவாக.

"ராவுத்தரே, என்னமோ ஒழுகுதே."

"ஒழுகல கங்காணியாரே. ஒழுகுனா எனக்குத் தெரியாதா? என் பிள்ளைய மாதிரி வச்சிருந்தேன் இத."

பின்னால் பத்துமலை சொன்னான்: "அடுத்த வருஷம் துரை ஊருக்குப் போறாராம்ணே. அவரு வண்டியவும் என்னையே எடுத்துக்கச் சொல்றாரு."

சொட். சொட்.

இப்போது ஒரு நெடியும் வந்தது. வாளியில் மறந்து வைத்த பால் மறுநாள் புளித்து எழுப்புமே, மூக்கின் அடியில் ஊசி குத்துவதுபோல, அந்த நெடி. கொட்டகையில் இருபது வருடம் அதற்குள்ளேயே நின்றவர் அவர்; அங்கே ஒருநாளும் அது அவரைத் தொந்தரவு செய்ததில்லை. இங்கே குமட்டியது. கோட்டுக் காலருக்குக் கீழே, இடது காதிலிருந்து தொண்டையை நோக்கிச் சரிவாக, ஒரு கோடு அரிக்கத் தொடங்கியது.

"ஒங்களுக்கெல்லாம் நாத்தம் அடிக்கலையா?"

"மழ வாசம் மாமா," என்றாள் நல்லம்மாள்.

ராக்காயி கணவரின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாயாண்டி சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நிறுத்துங்கள், தொட்டியைத் திறவுங்கள் என்று இரண்டு வார்த்தை. பிறகு? கோயிலில் முதல் விபூதி யார் நெற்றிக்கு? பெரட்டில் யாரைப் பார்த்து யார் வாயை மூடுவார்கள்? தம்பியின் வண்டியைக் கெடுத்தவர் என்று அவர் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் சொல்வார்கள். அவர் காலரை இழுத்து மூடிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஏழாம் கல்லில் மேடு. மரங்கள் அங்கே மிகப் பழையவை. பட்டை முழுவதும் பால் எடுக்கச் சரிவாக வெட்டிய தழும்பு. பாதி மேட்டில் எலும்பு முறிவதுபோல ஒரு சத்தம். வண்டி தூக்கிப் போட்டது. சக்கரங்கள் இறுகி, செம்மண்ணில் இழுத்துக்கொண்டு நின்றன.

அமைதி. பூச்சிச் சத்தம்கூட இல்லை.

நூஹு ராவுத்தர் இறங்கிக் கைப்பிடியைச் சுற்றப் பார்த்தார். அசையவில்லை. பத்துமலையும் சேர்ந்து அழுத்தினான். அசையவில்லை. ராவுத்தர் எஞ்சின் மூடியைத் தூக்கி, உள்ளே குனிந்து பார்த்துவிட்டு, வெகுநேரம் நிமிரவில்லை.

"வெடிச்சிருக்கு," என்றார். "இரும்பே வெடிச்சிருக்கு. வேகாம எப்படி வெடிக்கும்? தொட்டுப் பாருங்க லா, பச்சத் தண்ணி மாதிரி இருக்கு."

மாயாண்டி இறங்கிவந்து தொட்டார். ஏழு கல் ஓடிவந்த எஞ்சின், இறந்தவர் நெற்றிபோலக் குளிர்ந்திருந்தது. ராவுத்தர் தொட்டியின் மூடியைக் கழற்றினார். மாயாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டார். இதோ, வெளுத்துத் தெரியப்போகிறது.

உள்ளே கழுத்துவரை தெளிந்த தண்ணீர். அடி தெரிகிற தண்ணீர்.

ஒரு வாளிப் பால் எங்கே போனது?

"வாங்கி மூணு நாள்தான் ஆகுது ராவுத்தரே." பத்துமலையின் குரல் உடைந்தது. "தெரிஞ்சேதான் என் தலையில கட்டுனீங்களா?"

"அல்லா மேல ஆணையா இல்ல தம்பி. முப்பது வருஷமா இந்தத் தோட்டத்துக்குத் துணி கொண்டாரேன். ஒரு முழம் கொறஞ்சிருக்குமா?"

"துணி வேற, இது வேற."

"அப்ப நான் திருடனா? ஒங்க அண்ணன் இருக்காரு. அவரு சொல்லட்டும். அவரு வாயால நான் ஏமாத்துனேன்னு சொன்னா, இனிமே இந்தத் தோட்டத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். ராவுத்தரின் கண்ணில் பயமே இல்லை. கங்காணி நியாயம்தான் சொல்வார் என்ற நம்பிக்கை இருந்தது. தம்பியின் கண் கலங்கியிருந்தது. கலங்கியபோதும் அந்த முகம் மோட்டார் வாங்கிய முகமாகத்தான் இருந்தது.

சொட். சொட். சொட்.

வண்டியிலிருந்து இல்லை. மிகக் கிட்டத்தில்.

"சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னா சரி."

மாயாண்டி தலையை நிமிர்த்தினார்.

"ஏமாத்திட்டாரு," என்றார்.

வார்த்தை வழவழவென்று வந்தது. ராவுத்தரின் முகம் செத்துப்போனது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஈப்போ திசையில் நடக்கத் தொடங்கினார். மழை வந்தது.

காலருக்கடியில் ஈரம். மழை இல்லை. வெதுவெதுப்பு.

மாயாண்டி விரலை விட்டார். சரிவான கோடு. ஆழமாக. உளி போட்டதுபோல நேராக. வலி இல்லை. விரலை எடுத்தார். பிசின்போல நூல் இழுத்தது.

வெள்ளை.

கோட்டின் மார்பில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. அந்தச் சத்தம். அதே சத்தம்.

"தம்பி," என்று கூப்பிட்டார். "நான்தாண்டா. நான்தான் ஊத்துனேன்."

கூப்பிட நினைத்தார். வாய் திறந்தது. நாக்கு எழவில்லை. பல்லுக்குப் பின்னால் ஏதோ கட்டி தட்டியிருந்தது. புளிப்பு. மூக்குவரை புளிப்பு. தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு வண்டிமேல் கைவைத்து அழுதுகொண்டிருந்தான்.

ராக்காயி பார்த்துவிட்டாள். அவள் அலறவில்லை. கிட்டே வந்தாள். முந்தானையை அவர் கழுத்தில் சுற்றினாள். முந்தானை நனைந்தது. இறுக்கிச் சுற்றினாள். அதுவும் நனைந்தது.

வண்டியை மறுநாள் இரண்டு ஜோடி மாடு கட்டி ஈப்போவுக்கு இழுத்துப் போனார்கள். சீனப் பட்டறைக்காரர் எஞ்சினை முழுவதும் பிரித்துப் போட்டார். பிஸ்டன் இறுகியிருந்தது, இரும்பு வெடித்திருந்தது. காரணம் தெரியவில்லை என்றார். குழாய்களில் துருகூட இல்லை. வேறு எஞ்சின் வைத்துப் பூட்டிய பிறகு அந்த மோட்டார் இன்றுவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. நூஹு ராவுத்தர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தோட்டத்துக்குள் அவர் பிறகு கால் வைக்கவில்லை.

மாயாண்டி கங்காணி கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார் என்று சிலிம் ரிவர் ஊர் வரைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அவர் எங்கும் போகவில்லை. வீட்டின் உள்ளறையில், சுவரில் சாய்ந்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். பேச்சு மட்டும் இல்லை. விடியுமுன் ராக்காயி அவர் கழுத்தில் கம்பி கட்டி, மரத்தில் பால் பிடிக்கிற பீங்கான் மங்கு ஒன்றைத் தொங்கவிடுகிறாள். காய்ந்து ஒட்டியிருப்பதை நகத்தால் உரித்தெடுக்கிறாள். பத்து மணிக்குள் மங்கு நிறைந்துவிடும். பத்துமலை அண்ணனைப் பார்க்க வாராவாரம் வருகிறார். அவருடைய மோட்டார்ச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் உள்ளறையில் துளிகள் விரைகின்றன. அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மங்கு வழிந்து தரைக்கு வந்துவிடுகிறது.

அந்தப் பாலைக் கொட்டகையில் எடை போட்டு விற்கிறார்கள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். அந்தக் குடும்பம் அப்படிப்பட்ட குடும்பம் இல்லை. ஒரு சொட்டுகூட எடைக்குப் போனதில்லை. வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, ராக்காயிதான் தன் கையால் ஊற்றுகிறாள். இப்போது நடப்பது மூன்றாவது குழி.