அளக்காமல் விட்ட பக்கம்

மெயின் சுவிட்சை இறக்கி, பியூஸையும் பிடுங்கி வைத்த பிறகும், கையிலிருந்த மீட்டரைப் பக்கவாட்டில் திருப்பியபோது எண் ஏறியது. கம்பியில் மின்சாரம் ஓடினால்தான் அதைச் சுற்றி மின்காந்தப் புலம் இருக்கும். அதை அளப்பதுதான் இந்தக் கருவிக்கும் அவனுக்கும் பிழைப்பு. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஃபிரிட்ஜின் முனகல் அடங்கிப்போன அக்காவின் சமையலறையில், காலையில் அவன் உடைத்துப் பூசிய சுவரின் ஈரச் சிமெண்ட் வாசனையும், மூக்கை அரிக்கும் தூசியும், எங்கோ குழாய்க்குள் தண்ணீர் இறங்கும் மெல்லிய சத்தமும் மட்டும் மிச்சமிருந்தன. பக்கத்து வீட்டுக் கம்பியாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய் சொல்லிப் பழகியவனுக்கு அது சுலபமாக வந்தது.

அக்கா செத்தது இந்தக் குழாயடியில்தான். அதற்குச் சில நாள் முன்பு அவளே அவனைக் கூப்பிட்டிருந்தாள். குழாயைத் தொட்டால் கையில் சுருக்கென்கிறது, ஊரெல்லாம் போய் அளக்கிறாயே, இங்கேயும் கொஞ்சம் பாரேன் என்றாள். அந்த மீட்டர் ஒரு நேரத்தில் ஒரு திசைப் புலத்தைத்தான் காட்டும். ஒவ்வொரு இடத்திலும் படுக்கவைத்து, நிமிர்த்தி, பக்கவாட்டில் திருப்பிப் பார்க்க வேண்டும். தொழிலுக்கு வருகிற எவனுக்கும் முதல் பாடமே அதுதான். அன்று அவன் சோம்பல்பட்டு ஒரே ஒரு தரம் நீட்டிவிட்டு, "உனக்கு மனப்பிராந்திக்கா. மீட்டரை உன் தலையிலதான் வெச்சுப் பாக்கணும்" என்று சிரித்தான். அவளும் சிரித்தாள். தம்பி சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

ஈரக்கையோடு மிக்ஸி சுவிட்சைத் தொட்டிருப்பாள் என்று எல்லோரும் முடிவுகட்டியபோது அவன் வாயே திறக்கவில்லை. இன்று காலை டைலுக்குப் பின்னால், இரும்புக் குழாயோடு ஒட்டிக் கருகிக் கிடந்த கம்பியைக் கண்டுபிடித்து வெட்டி எறிந்ததையும் சொல்லவில்லை. அக்காவின் கணவர் போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், குழந்தையோடு இன்றைக்கே அந்த வீட்டுக்குத் திரும்பி வரலாமா என்று. எல்லாம் பார்த்துட்டேன், தாராளமாக வாங்க அத்தான் என்று சொல்லிவிட்டான். உண்மையைச் சொன்னால் குழந்தையை அவன் கண்ணில்கூடக் காட்டமாட்டார். அக்காவென்று அவனுக்கு மிஞ்சியிருப்பது அந்தக் குழந்தை மட்டும்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்கு அது இராப்பகலாக அறுத்தது.

மீட்டரைப் படுக்கவைத்தான். பூஜ்யம். நிமிர்த்தினான். பூஜ்யம். பக்கவாட்டில் திருப்பினான்.

எண் ஏறியது. சுவரருகே குறைந்து, கம்பியே இல்லாத நடு அறையில் கூடியது. வெறும் காற்றில் மேலும் கீழுமாக நகர்த்தினான். ஓரிடத்தில் எண் சட்டென்று விழுந்தது. ஒரு விரல் தள்ளினால் மறுபடி ஏறியது. அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டே போனான். அகலம் கொஞ்சம்தான். உயரம் அவன் காதளவு. மேலே உருண்டை. அதன் கீழே சரிவு.

தோள்.

தோளிலிருந்து ஒரு கை. நீண்டிருந்தது. குழாயை நோக்கி.



வாசலில் செருப்புச் சத்தம். அத்தானை முந்திக்கொண்டு குழந்தை ஓடி வந்தது. தண்ணி வேணும் என்றது. குழாயைத் திறக்கக் கையைத் தூக்கியது.

கை பாதியில் நின்றது.

இழுத்துப் பார்த்தது. வரவில்லை. மணிக்கட்டில் தோல் அமுங்கியது. விரல் விரலாக.

"மாமா, யாரு என் கையப் பிடிச்சிருக்காங்க?"

அத்தான் குழந்தையைப் பார்த்தார். பிறகு அவனை. "எல்லாம் பாத்துட்டேன்னுதானடா சொன்ன?"

"இல்ல அத்தான். அக்கா கூப்பிட்டப்பவே நான் ஒழுங்கா பாக்கல. பாத்திருந்தா அவ இருந்திருப்பா."

குழந்தையின் மணிக்கட்டில் விழுந்த விரல் பள்ளங்கள் மறைந்தன. குழந்தை ஓடிப்போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது. அவன் மூச்சு விட்டான்.

மீட்டர் தரையில் விழுந்தது. அவனாக அதை நழுவவிடவில்லை. அவன் விரல்களை ஏதோ ஒவ்வொன்றாகப் பிரித்திருந்தது. மணிக்கட்டில் ஜில்லென்ற பிடி. கை உயர்ந்தது. குழாய்ப்பக்கம் போனது. காலை ஊன்றினான். கால் வழுக்கியது.

"அத்தான்."

பியூஸ் பிடுங்கியபடியே இருந்தும், தரையில் கிடந்த மீட்டரில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. அத்தான் குழந்தையின் கண்களைப் பொத்தினார். பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார்.