மேசைமேல் ஒரு பி.டி.

காலை ஐந்தரைக்குப் பேக்கரியின் பின்கட்டுக்குள் நுழைந்த மாஸ்டர் விளக்கைப் போட்டதும் அலறிவிட்டார். மாவு பிசையும் மேசையோரம் முதலாளி குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் உருட்டுக்கட்டை. அடுப்பு மூட்டத் தினமும் மாஸ்டருக்கும் முன்னால் வருகிற முதலாளி, இன்று அடுப்பைத் தொடக்கூட இல்லை.

மேசை முழுக்க வெள்ளையாகத் தூவியிருந்தது. அதில் விரலால் எழுதிய இரண்டு ஆங்கில எழுத்து: பி, டி.

ஆறேகாலுக்கு இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். தூக்கம் கெட்டால் அவருக்குப் பேச்சு பாதியாகிவிடும். பூட்டு உடைபடவில்லை. மாஸ்டர், முதலாளியின் மனைவி, தம்பி, மூவரிடமும் சாவி உண்டு. செத்தவரின் கைகளைப் புரட்டிப் பார்த்தார். விரல்கள் சுத்தமாக இருந்தன. பிறகு குனிந்து, மேசைக்காலில் ஏறிக்கொண்டிருந்த எறும்பு வரிசையைச் சாவகாசமாக வேடிக்கை பார்த்தார். கூட வந்திருந்த ஏட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பி.டி.ன்னா நம்ம ஸ்டேஷன்ல, ஜெயில்ல இருக்கிறவனைக் கோர்ட்டுக்கு வரவழைக்கிற வாரண்டு மேடம். ஸ்கூல்ல, வெயில்ல ஓட விடுற பீரியடு."

"சாகப்போற மனுஷன் உங்க ஸ்கூலை ஏன்யா நினைக்கிறாரு? மாஸ்டரைக் கூப்பிடுங்க."

மாஸ்டர் கேள்விக்கு முன்பே உடைந்துவிட்டார். "பார்ட் டைம் மேடம். நாங்க அப்படித்தான் சுருக்கிச் சொல்வோம். சாயங்காலத்துல எதிர்க்கடையில திருட்டுத்தனமா வேலை பாக்குறேன். அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா நான் தொடல மேடம். எனக்குச் சோறு போட்ட மனுஷன்!"

"மேசைக்கு மாவு எங்கருந்து எடுப்பீங்க?"

"அடியில இருக்கிற மூட்டையிலருந்து. நேத்து ஈரத்துணியால மேசையைத் துடைச்சுட்டுத்தான் போனேன். வேலையைத் தொடங்கும்போதுதான் மாவு தூவுவோம்."

அடுத்து தம்பி. முன்பக்கம் கல்லாவில் உட்காருபவர். அடுப்பு வேலையெல்லாம் நமக்கு ஆகாது என்று பெருமையாகவே சொல்லிக்கொள்கிற ஆள்.

"இன்னும் என்ன மேடம் யோசனை? உயிர் போற நேரத்துல அண்ணன் மாவுல எழுதிக் காட்டிக் கொடுத்துட்டாரு. மாஸ்டரைப் பிடிச்சு உள்ள போடுங்க."

"மாவு எங்க இருக்கும் சார்?"

"அதோ, மேல்தட்டுல. வெள்ளை டின்."

ஏட்டு விலங்கை எடுத்தார். மாஸ்டர் கையை நீட்டினார். முதலாளிக்குத் துரோகம் செய்தவனுக்கு இது வேண்டியதுதான் என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டுவிட்டார், பாவம்.

"அவரை விடுங்க."

வாசலில் முதலாளியின் மனைவி நின்றிருந்தாள். புடவைத் தலைப்பு வாய்க்குள் இருந்தது.

"அது எனக்கு எழுதினது. பிசியோதெரபி. ஆஸ்பத்திரிச் சீட்டுல பி.டி.ன்னுதான் போட்டிருக்கும். தோளைத் தூக்க முடியல, கூட்டிட்டுப் போடின்னு எத்தனை தடவை கேட்டாரு! நாளைக்கு, நாளைக்குன்னு ஏமாத்திட்டேன். கையில பலம் இருந்திருந்தா தடுத்திருப்பாரே. பாவி நான், என்னைக் கூட்டிட்டுப் போங்க."

தம்பி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்தார்.

"கேக்குக்கு ஐசிங் போடுறது நீங்கதானேம்மா? அந்த வெள்ளை டின்ல என்ன?"

"சர்க்கரைப் பொடி."

"அதான் எறும்பு வருது. மேசையில தூவியிருக்கிறது மாவே இல்ல." இன்ஸ்பெக்டர் மேசைக்காலைக் காட்டினார். "செத்தவர் விரல்ல ஒரு பொட்டுப் பொடி ஒட்டல. அப்ப எழுதினது வேற கை. மாஸ்டருக்கும் இந்தம்மாவுக்கும் அந்த டின்ல என்னன்னு தெரியும். மாவுன்னு நினைச்சு அதைக் கொட்ட, சாவி வெச்சிருக்கிற மூணு பேர்ல ஒருத்தரால்தான் முடியும்."

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள்.

"மாஸ்டர் எதிர்க்கடைக்குப் போறதைக் கல்லாவுல உக்காந்தே பாத்திருப்பீங்க. பழியை அவர் தலையில கட்டத்தான் ரெண்டு எழுத்து. இல்லையா?"

தம்பி அண்ணியின் காலருகே சரிந்து உட்கார்ந்தார்.

"கடையை வித்துடலாம்னு கெஞ்சினேன் அண்ணி. வாங்குறவங்களுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். முடியாதுன்னு முதுகைக் காட்டிட்டாரு. கட்டை கையில இருந்துச்சு... சத்தியமா உங்களை நினைச்சு எழுதல. நீங்க இப்படி எடுத்துக்குவீங்கன்னு தெரியல."

விலங்கு அவர் கைக்குப் போனது. மாஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி அழுதார்.

இன்ஸ்பெக்டர் அந்த அம்மாளின் தோளைத் தொட்டார். "உங்க வீட்டுக்காரர் உங்களைக் குத்திக்காட்டலம்மா. அவர் ஒண்ணுமே எழுதல. மனசைத் தேத்திக்கங்க."

அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்குன்னு ஒரு வார்த்தைகூட இல்லாமத்தான் போனாரா?" என்றாள். "திட்டிட்டாவது போயிருக்கலாமே, மேடம்."